நாலாவது வால்வு

வெப்பமானி இருபத்தொன்றை விட்டு அசையவில்லை. நாம்குங் மீனறைத் தரையில் குப்புறப் படுத்து, முதலில் வலது கன்னத்தையும் பிறகு இடது கன்னத்தையும் தரைவிரிப்பில் ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"என்னங்க, தரை ஏதாவது சொல்லுதா?" என்று வாசலில் நின்று கேட்டாள் மனைவி யாங்-சுக்.

"சூடு வந்துக்கிட்டிருக்கு. மெதுவா வருது."

"தெக்குக்கோடி பூசான்லேருந்து நடந்து வருதோ?"

 முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், குப்புறப் படுத்த நிலையில் ஒரு பெண்பிள்ளையோடு வாதாடுவது அழகல்ல. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தொட்டிகளைப் பார்த்தார். மூன்று தட்டு இரும்புச் சட்டத்தில் பன்னிரண்டு தொட்டிகள். அவற்றில் டிஸ்கஸ் மீன்கள், சாப்பாட்டுத் தட்டுகளை நிமிர்த்தி வைத்தது போல, ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு இருபத்தெட்டு டிகிரி வேண்டும். வெளியே சுன்ச்சியோன் நகரம் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டில் உறைந்து கிடந்தது.

போன வாரம் வரை ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மின்சூடேற்றி இருந்தது. பன்னிரண்டு சூடேற்றி, பன்னிரண்டு ஒயர். அதில் ஒன்று பழுதாகி, நிற்காமல் ஓடி, நல்ல ஜோடி ஒன்றை வேகவைத்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. இந்த நாட்டில் எல்லா வீட்டுத் தரைக்கடியிலும் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. மனிதர்கள் அந்தச் சூட்டில்தான் உட்காருகிறார்கள், உண்ணுகிறார்கள், உறங்குகிறார்கள். மீனுக்கு மட்டும் ஏன் கூடாது? தரையைச் சூடாக்கினால் அறை சூடாகும். அறை சூடானால் பன்னிரண்டு தொட்டியும் சூடாகும்.

எண்ணம் உதித்த மறுநாளே, மீன் வளர்ப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போய், மிச்சமிருந்த பதினொரு சூடேற்றிகளையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். சும்மா கொடுக்கவில்லை. "இனிமே இதெல்லாம் காட்சிசாலையில வைக்க வேண்டிய சாமான்" என்று ஒரு சிறிய உரையும் ஆற்றிவிட்டே கொடுத்தார். ஆகவே திரும்பக் கேட்கும் பேச்சுக்கே இடமில்லை.

நாம்குங் என்பது அபூர்வமான இரண்டு அசைக் குடும்பப் பெயர். ஊரில் மற்ற எல்லோருக்கும் ஓர் அசைதான். குடும்ப வரலாற்று ஏட்டில் இருபத்தாறு தலைமுறை எழுதியிருக்கிறது. அதில் ஒருவர்கூட கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதாக ஒரு வரி கிடையாது. அப்படிப்பட்ட குடும்பத்தவருக்கு, போன வசந்தத்தில் சங்கக் கண்காட்சிக்கு அழகான மீன்களைக் கொண்டுபோய், "நீங்களே பொரிக்க வச்சதா?" என்று யாரோ கேட்டபோது, "வாங்கினது" என்று சொல்ல நேர்ந்தது. அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள்ளாக அன்றிலிருந்து கிடந்தது. வரும் மார்ச்சில் சொந்த வீட்டில் பிறந்த குஞ்சுகளைக் கொண்டுபோய், 'பிறப்பிடம்: நாம்குங் இல்லம்' என்ற அட்டையோடு வைப்பதாகச் சங்கத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது.

சங்கத்தில் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. லிப்டிலும் சொன்னார்.

அன்று லிப்டில் குடியிருப்போர் சங்கத் தலைவி, காவல்காரர், கீழ் வீட்டு குவாக் மூன்று பேரும் இருந்தார்கள். குவாக் தரைக்குழாய் பதிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓர் அசைப் பெயர். ஆனாலும் காவல்காரர் அவருக்குத்தான் முதலில் குனிந்து வணக்கம் சொல்வார். இலையுதிர் காலத்தில் அவர் பால்கனியில் காயும் சீமைப் பனிச்சைப் பழங்கள், நாம்குங் வீட்டுப் பழங்களைவிட ஒரு படி கூடுதல் சிவப்பாகவே இருக்கும். இதையெல்லாம் நாம்குங் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் ஒன்றுவிடாமல் கவனித்திருந்தார்.

"சூடேற்றி எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டேன்" என்றார் தலைவியிடம், குவாக்குக்குக் கேட்கும்படி. "தரையிலேயே சூடு பண்றேன். பின்பக்கத்துச் சின்ன அறை முழுக்க."

குவாக் திடுக்கிட்டுத் திரும்பினார். "பின்பக்கத்து அறையா வாத்தியாரய்யா? பால்கனியை அடைச்சு எடுத்தாங்களே, அந்த அறையா?"

"அதேதான். ஏன், உங்களுக்குத் தெரியாத தரையா?"

குவாக் வாயைத் திறந்தார். தலைவியைப் பார்த்தார், காவல்காரரைப் பார்த்தார், மறுபடி வாயை மூடினார். ஏழாவது மாடி வந்ததும், இறங்கும்போது மட்டும் கேட்டார்: "மீனுக்கு எத்தனை டிகிரி வேணும்?"

"இருபத்தெட்டு" என்றார் நாம்குங், வகுப்பில் விடை சொல்வது போல.

பொறாமையில் அந்த ஆளுக்கு முகம் செத்துவிட்டது என்று அன்று அவருக்கு ஒரே திருப்தி.

ஆனால் அறைதான் இருபத்தொன்றில் நின்றது. நாம்குங் சுவரிலிருந்த பாய்லர் திருகியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். இரண்டே நாளில் கூடத்தில் நடக்க முடியவில்லை. யாங்-சுக் டிசம்பர் மாதத்தில் கையில்லாத சட்டையோடு விசிறிக்கொண்டு உலாவினாள். காலையில் மேசையில் எடுத்துவைத்த கிம்ச்சி ஊறுகாய் மதியத்துக்குள் புளித்து நுரைத்தது.

"குவளைத் தண்ணிய தரையில வச்சா டீயாகுது. உங்க மீனறையில மட்டும் எனக்குச் சட்டை தேவைப்படுது" என்றாள்.

"சூடு வழியில சிதறுது. மத்த அறைங்க எடுத்துக்குது. அதை நிறுத்தணும்."

சமையலறைத் தொட்டிக்கு அடியில், வெந்நீரைப் பிரித்து அனுப்பும் நாலு வால்வுகள் இருந்தன. பெயர் எழுதிய காகிதங்கள் என்றைக்கோ உதிர்ந்துவிட்டன. முதல் மூன்றும் படுக்கையறை, கூடம், சமையலறை என்று கணக்கிட்டு மூடினார். நாலாவது வால்வு மீனறைக்கு என்று முடிவு செய்து முழுக்கத் திறந்துவிட்டார்.

மறுநாள் படுக்கையறை ஐஸ்பெட்டியானது. சமையலறையில் யாங்-சுக் பஞ்சுக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். ஆனால் கூடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஜன்னலோரம் ஒரு பாதி மட்டும் தோசைக்கல்லாய்க் கொதித்தது. மறு பாதி பனிக்கட்டி.

"இது என்னங்க, பாதிக் கூடம் மட்டும் கொதிக்குது?"

"மீனறைக்குப் போற குழாய் அந்த வழியா ஓடுது. போற வழியில கொஞ்சம் சுடத்தானே செய்யும்."

விளக்கம் அவருக்கே பிடித்திருந்தது. யாங்-சுக்கின் அக்காமார் இருவர் வந்தபோது, மூவரும் அந்தச் சூடான பாதியில் வரிசையாகப் படுத்துக்கொண்டு, ஒரு பக்கம் வெந்ததும் மறு பக்கம் திரும்பினார்கள்.

"உன் புருஷன் எங்களை வறுத்தெடுக்கறாரு" என்றாள் மூத்த அக்கா. "மீன் எப்படி இருக்கு?"

"மீன் நல்லாயிருக்கு. மனுஷங்கதான் கொஞ்சம் கருகிப்போயிட்டோம்."

உண்மையிலேயே மீன் நன்றாயிருந்தது. அந்த வாரத்தில் வெப்பமானி மெல்ல ஏறியிருந்தது. இருபத்து மூன்று, இருபத்தைந்து. வார முடிவில், அச்சுப் பிசகாமல், இருபத்தெட்டு. நாம்குங் தரையில் கன்னத்தை வைத்தார். இதமான, கனிந்த சூடு.

"நாலாவது வால்வு" என்றார் தலையை நிமிர்த்தி. "மூளை இருக்கணும்."

அன்று முதல் அவர் லிப்டில் ஏறினால் வெப்பமானியைப் பற்றித்தான் பேச்சு. குவாக் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஏதாவது ஒரு கேள்வி கேட்பார். இன்னைக்கு எத்தனை டிகிரி? ஒரு டிகிரி குறைஞ்சா மீன் தாங்குமா? எப்போ முட்டையிடும்?

முதலில் அது நாம்குங்குக்கு இனித்தது. நாலாவது கேள்வியில் உறைத்தது. மீன் வளர்க்காதவனுக்கு முட்டை எதற்கு?

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சாமான் கடையில் குவாக் வெப்பமானி வாங்கிக்கொண்டிருந்தார். நாம்குங்கைப் பார்த்ததும் அதைக் கோட்டுப்பைக்குள் நழுவவிட்டார். மாதக் கடைசியில், ஒவ்வொரு வீட்டாரும் பாய்லருக்கு அந்த மாதம் செலவான எரிவாயு அளவை எழுதும் தாள் கீழே சுவரில் தொங்கியது. கட்டடத்திலேயே பெரிய எண் குவாக்குடையது. அவருடையது நாம்குங்கின் எண்ணையும் மிஞ்சியிருந்தது.

"அந்த ஆளு திருட்டுத்தனமா மீன் வளர்க்கறான்" என்றார் நாம்குங் சாப்பிடும்போது.

"வளர்த்துட்டுப் போகட்டுமே."

"என் முறையைத் திருடி, என்னைவிடச் சூடா வச்சு வளர்க்கறான். மார்ச்சுக் கண்காட்சிக்குத்தான் இந்த வேலை. குழாய் பதிக்கற வேலை அவனோடது. தன் அறையில ரெண்டு மடங்கு குழாய் போட்டிருப்பான்."

"உங்களுக்கு மீனுக்கு வேணுங்கற சூட்டைவிட வயித்துல ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லிவிட்டு யாங்-சுக் கையுறையோடு சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சூடான பாதிக்குப் போனாள்.

நேரில் பார்க்காமல் குற்றம் சாட்டுவது நாம்குங் குடும்பத்துக்குப் பழக்கமில்லை. ஒரு பெட்டி பேரிக்காயை எடுத்துக்கொண்டு ஒரு மாலை கீழே இறங்கினார். குவாக்கின் மனைவி கதவைத் திறந்தாள். கம்பளிச் சால்வை, அதற்கு மேல் பஞ்சுக் கோட்டு. செருப்பைக் கழற்றிய நாம்குங்கின் பாதங்கள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கூடத்துத் தரை ஜில்லென்றிருந்தது. பின்பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. சூடு வெளியே போகாமல் கதவிடுக்கில் துண்டு செருகியிருந்தது.

"அந்த அறையில என்ன?" என்றார் சாதாரணமாக.

குவாக் எழுந்து, கதவை மறைத்தாற்போல வந்து நின்றார். "ஒண்ணுமில்லீங்க வாத்தியாரய்யா. ஒரே குப்பை. நீங்க பார்க்கற மாதிரி இல்ல."

"வெதுவெதுன்னு இருக்கோ?"

"கொஞ்சம்."

குவாக்கின் மனைவி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர் தொண்டையைக் கனைத்தார். அவள் பேரிக்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாம்குங் படியேறியே வந்தார். லிப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லை. மற்ற வால்வுகளை மூடி ஓர் அறைக்கு மட்டும் சூட்டை விடும் தன் சூத்திரம் அப்படியே களவு போயிருந்தது. அதைவிட மோசம், அந்த மனிதனின் பெண்டாட்டி அதற்காகக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் ஒத்துழைக்கிறாள்.

பிப்ரவரி கடைசியில், அவருடைய முதல் ஜோடி, முட்டையிடுவதற்கென்றே தொட்டியில் வைத்திருந்த சுட்டமண் கூம்பின் மேல் முட்டையிட்டது. இருநூறுக்கும் மேல், வரிசை வரிசையாக. மூன்றாம் நாள் முட்டைகள் வெடித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வால்கள் துடித்தன. இன்னும் மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிவிடும். தாயும் தகப்பனும் தங்கள் மேனியில் ஊறும் பாலை அவற்றுக்கு ஊட்டும். இருபத்தெட்டு டிகிரி மட்டும் நிலையாக இருந்தால் போதும்.

நாம்குங் சந்தோஷப்பட்டார். சந்தோஷம் பத்து நிமிடம் இருந்தது. பிறகு, கீழே ஒருவேளை நானூறு இருக்குமோ என்று தோன்றியது. அதற்குப் பிறகு கூம்பைப் பார்க்கும்போதெல்லாம் கீழ் வீட்டுக் கூம்பே தெரிந்தது.

அன்று பிற்பகல் குடியிருப்போர் கூட்டம். பார்லித் தேநீரும் ஆரஞ்சும் சுற்றி வந்தன. மிதிவண்டி நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், வேறு ஏதாவது உண்டா என்று தலைவி கேட்டாள். நாம்குங் எழுந்தார்.

"கீழ் வீட்டுச் சூடு என் வீட்டுத் தரை வழியா ஏறி வருது" என்றார். "அளவு கடந்து போகுது. தரைவிரிப்பு உப்பியிருக்கு. இப்படியே போனா கட்டடத்துக்கு நல்லதில்ல."

அது முழுப் பொய். தரைவிரிப்பு பலகை போலிருந்தது. முப்பத்து நான்கு வருடம் மாணவர்களின் பொய்யை முகத்தில் பார்த்தே பிடித்தவர், தன் பொய் இத்தனை இயல்பாக வந்ததைக் கண்டு தானே வியந்தார்.

கூட்டம் குவாக்கைப் பார்த்தது. அவர் உட்கார்ந்தபடியே குனிந்து வணங்கினார்.

"மன்னிச்சிடுங்க வாத்தியாரய்யா. நான் மூடிடறேன். ஆனா மீனுக்கு..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா" என்றார் நாம்குங் சபையைப் பார்த்து. "மீன்னு அவர் வாயாலயே வந்துடுச்சு."

"குவாக் ஐயா, நீங்களும் மீன் வளர்க்கறீங்களா?" என்று தலைவி ஆச்சரியத்தோடு கேட்டாள்.

குவாக் நாம்குங்கை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஆரஞ்சுத் தோலைப் பார்த்தார். "அப்படியே வச்சுக்கங்க" என்றார்.

நாம்குங் வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். அந்தக் குளிர்காலத்தில் அவர் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றுதான்.

மறுநாள் காலை வெப்பமானி இருபத்து நான்கைக் காட்டியது.

விரலால் தட்டினார். இருபத்து மூன்றரை. கூம்பின் மேல் வால்களின் துடிப்பு மந்தமாகியிருந்தது. தாய்மீன் இரண்டு குஞ்சுகளை வாயில் எடுத்துத் துப்பியது, ஒன்றை விழுங்கியது.

சுவர்த் திருகியைக் கடைசிவரை முறுக்கினார். கூடத்தின் சூடான பாதியிலிருந்து புகைவாடை வந்தது. தரைவிரிப்பு அப்பளம் போலப் பழுப்பேறிச் சுருண்டது. உட்கார்ந்திருந்த யாங்-சுக் துள்ளி எழுந்தாள். மீனறை இருபத்து மூன்று.

தொட்டியைச் சுற்றி இரண்டு பஞ்சுப் போர்வைகளைப் போர்த்தினார். சோற்றுக் குக்கரைத் தூக்கி வந்து, மூடியைத் திறந்து, ஆவி விட்டார். ஜன்னல் வியர்த்தது, சுவர்க்காகிதம் ஒரு முனையில் உரிந்து தொங்கியது. இருபத்திரண்டரை. யாங்-சுக் தலை உலர்த்தும் கருவியோடு தொட்டி முன்னால் மண்டியிட்டாள்.

"மீன் சங்கத்துல கேட்டு ஒரே ஒரு சூடேற்றி வாங்கிட்டு வாங்களேன். ஒண்ணு போதும்."

"குடுத்ததைக் கேக்கறதா?"

"குஞ்சு சாகுதுங்க."

அவர் கைப்பேசியை எடுத்தார். சங்கத்துக்காரரின் எண்ணை எடுத்தார். காட்சிசாலை உரை ஞாபகம் வந்தது. பாய்லர் பழுது பார்ப்பவரை அழைத்தார்.

பாய்லர்காரர் ஒரு மணி நேரத்தில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பாய்லர் சரியாக இருந்தது. வால்வுகளைப் பார்த்தார். பிறகு மீனறையில், சூட்டைப் படமாகக் காட்டும் கருவியைத் தரையெங்கும் நகர்த்தினார். திரையில் ஒரே நீலம். குழாய் ஓடும் கோடு எங்கேயும் இல்லை.

"நாலாவது வால்வு இந்த அறைக்குத்தானே?" என்றார் நாம்குங்.

"அது கூடத்தோட ரெண்டாவது பாதிக்குங்க. இந்த அறைக்கு வால்வே கிடையாது. குழாயே கிடையாது."

"இருபத்தெட்டு டிகிரி இருந்துச்சு. நான் கன்னத்தை வச்சுப் பார்த்திருக்கேன்."

"அப்போ கீழ் வீட்டுச் சூடு ஏறியிருக்கும். உங்களுக்கு முந்தி இருந்தவர் பால்கனியை அடைச்சப்போ, குழாய் வேண்டாம், செலவுன்னுட்டாரு. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. இந்தத் தரைக்கு சிமெண்டு கலந்து குடுத்தவன் நான். பூசினவர் குவாக் அண்ணன்."

உலர்த்தும் கருவியின் இரைச்சல் நின்றது. யாங்-சுக் புருஷனைப் பார்த்தாள்.

நேற்றுச் சபையில் சொன்ன பொய் உண்மையாகிவிட்டதே என்று நாம்குங் வெட்கப்படவில்லை. அதற்கு நேரமில்லை. குவாக்குக்குத் தெரியும், குழாய் இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது மட்டும் நெஞ்சில் எரிந்தது. லிப்டில் தான் நாலாவது வால்வைப் பற்றிப் பேசப் பேச, அந்த ஆள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு உள்ளே எப்படிச் சிரித்திருப்பான். தன் நானூறு குஞ்சுக்கு மூட்டிய சூட்டின் மிச்சத்தில்தான் இருபத்தாறு தலைமுறைப் பெயருக்குச் சொந்தக்காரன் இத்தனை நாளாகக் குளிர்காய்ந்திருக்கிறான்.

"நில்லுங்க, செருப்பு" என்று யாங்-சுக் சொல்வதற்குள் காலுறையோடு படியிறங்கிவிட்டார்.

கதவைத் திறந்த குவாக்கின் மனைவியை அவர் பார்க்கவேயில்லை. பனி போன்ற கூடத்தைக் கடந்து, பின்பக்கத்து அறைக் கதவைத் தள்ளித் திறந்தார்.

அறை காலியாக இருந்தது. தொட்டி இல்லை. சட்டம் இல்லை. ஒரு வாளி தண்ணீர்கூட இல்லை. வெறும் தரை. கூரையிலிருந்து ஒரு நூலில், புத்தம் புது வெப்பமானி ஒன்று தொங்கியது.

அவர் திரும்பினார். சமையலறைத் தொட்டிக்கு அடியில் குவாக்கின் இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பகுதி மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே, நேற்று மூடிய வால்வு கிறீச்சிட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

"எங்கே உன் மீனெல்லாம்?" என்றார் நாம்குங்.

தொட்டிக்கடியில் வால்வு மட்டும் இன்னொரு சுற்று சுற்றியது.

குவாக்கின் மனைவி கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்ல மீனே கிடையாதுங்க, உங்க அறையில குழாய் இல்லைன்னு அன்னைக்கு லிப்டுல நாலு பேர் முன்னாடி சொன்னா வாத்தியாரய்யா முகம் என்னத்துக்காகும்னு, மூணு மாசமா எங்களைக் குளிருல போட்டுட்டு உங்க தரையைக் கீழேர்ந்து சூடாக்கிட்டிருக்காரு இந்த மனுஷன்."